நாற்றங்காலில் விரித்த வெள்ளைத் துணி

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இந்தச் சத்தம் நின்றுவிடும். எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று இருந்தது. வருடக்கணக்கில் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டே அதன் கீழே உட்கார்ந்திருந்தோம், ஒருவரும் ஏணி எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் வீட்டிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் கொண்டுவந்து விட்டேன். சின்ன விஷயங்களைக் கவனிக்கிற ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. காட்டுத்தீயில் இறந்த ஏழு பேரும், ஓடைப் பக்கமாக இறங்கிப் போக வழி இருந்தும் போகாமல், நாற்றங்காலில் பெரிய வெள்ளைத் துணி ஒன்றை விரித்துவிட்டு அதன் பக்கத்திலேயே ஏன் நின்றிருந்தார்கள் என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் அங்கே போய்விட்டால் என்னை அரக்கன் என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் அரக்கன் இல்லை. களைத்துப்போனவன், அவ்வளவுதான்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்க ஆலைகளும் லாரிகளும் மின் நிலையங்களும் கக்குகிற புகையில் எவ்வளவு கார்பன் வெளியே போகிறது என்பது ஒரு பக்கம். காடும் சதுப்பும் மண்ணும் அதில் எவ்வளவை உறிஞ்சிக்கொள்கின்றன என்பது மறுபக்கம். இரண்டும் சமமாகிவிட்டால் நெட் ஜீரோ. குறிப்பிட்ட ஒரு வருடத்துக்குள் அதைச் செய்து காட்டுவோம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாக்குக் கொடுத்தவர் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார், அதைத் தூக்கிச் சுமக்கிற வேலை எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தது.

புகைப் பக்கம் எங்கள் கையில் இல்லை. அதற்கு வேறு பிரிவு, வேறு ஆட்கள். அவர்கள் ஓர் ஆலையின் கதவைக்கூடச் சாத்தவில்லை. குறை சொல்லவில்லை, சாத்தினால் ஆயிரம் குடும்பம் தெருவுக்கு வரும். அதனால் வருடா வருடம் கூட்டம் முடியும்போது எல்லோருடைய தலையும் என் பக்கம் திரும்பும். எங்கள் இயக்குநரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'பூஜ்ஜியம்' என்று கூப்பிடுவோம், எந்தப் பேச்சையும் அங்கே கொண்டுபோய்த்தான் முடிப்பார். நல்ல மனிதர். "காட்டுப் பக்கம் கொஞ்சம் பாருங்க சார், உங்களால முடியாததா" என்பார். பார்க்காமல் இருக்க முடியுமா. பார்த்தேன்.

அந்தப் பள்ளத்தாக்குக் காட்டை யாரும் நடவில்லை. நாம் பிறப்பதற்கு முன்பே அது அங்கே நின்று தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் விதிப்படி, தானாக நிற்கிற காடு தானாக உறிஞ்சுவது நாட்டின் சாதனை ஆகாது. நாம் பராமரிக்கிற காடாக இருக்க வேண்டும். பராமரிக்கிறோம் என்று காட்டிவிட்டால், அது நம்மைக் கேட்காமல் உறிஞ்சுகிறதெல்லாம் நமக்கு வரவு. அதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. வரைபடத்தில் ஒரு கோடு, உள்ளே நிரந்தரமாக நாலு ஆட்கள், அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை. அது போதும்.

காவலர் குடியிருப்பை அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் கட்டலாம் என்று சொன்னது நான்தான். காட்டைக் காக்க நினைத்திருந்தால் முகட்டில் கட்டியிருக்க வேண்டும், அங்கேயிருந்துதான் நாலு திசையும் தெரியும். ஆனால் முகட்டுக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது, தண்ணீர் இல்லாத இடத்தில் யாரும் நிரந்தரமாக இருக்கமாட்டார்கள். எங்களுக்கு வேண்டியது ஆட்கள் அங்கே இருப்பதுதான். ஓட்டு வீடுகள் நாலு, ஒரு தண்ணீர்த் தொட்டி, செடி வளர்க்க ஒரு நாற்றங்கால். வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்தபோது நாற்றங்காலைச் சுற்றிக் காட்டினோம். கன்றுகளின் மேல் வெயிலுக்குப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை ஓர் அம்மாள் தொட்டுப் பார்த்து, நல்ல துணி என்றார். அந்த ஒரு காட்டினால் மட்டும் எங்கள் உறிஞ்சல் பக்கம் திடீரென்று கொழுத்துவிட்டது. காட்டில் ஒரு இலைகூடக் கூடவில்லை.

என் தங்கையின் கணவர் அப்போது வேலை இல்லாமல் இருந்தார். வைத்திருந்த கடை படுத்துவிட்டது. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். அவரைக் காவலராக அங்கே போட்டேன். தகுதி இருந்தது, சிபாரிசும் இருந்தது. மகளின் படிப்புக்காக என் தங்கை ஊரில் என் வீட்டிலேயே தங்கிவிட்டாள், விடுமுறைக்கு மட்டும் போய் வருவாள். "நீ மட்டும் இல்லேன்னா எங்க கதி என்ன ஆகியிருக்குமோ அண்ணா" என்று அடிக்கடி சொல்வாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அவள் சொல்லாத வாரங்களில் ஏன் சொல்லவில்லை என்று தோன்றும்.

மாப்பிள்ளைக்குக் காடு ஒத்துப்போய்விட்டது. உடம்பு தேறியது. தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் அங்கே போன் பிடிக்கும். அங்கே நின்றுகொண்டு என்னைச் சீண்டுவார். "மச்சான், நாங்க ஏழு பேர் இங்க மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம். அத எந்தப் பக்கம் எழுதுவீங்க? வேணும்னா கொஞ்சம் கொறச்சு விடச் சொல்றேன்." நானும் சிரிப்பேன். அவரோடு பேசினால் அன்றைக்கு வேலை கொஞ்சம் லேசாக இருக்கும். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

தீத்தடுப்புக் கோடு பற்றி அவர் கேட்கத் தொடங்கியது இரண்டாவது கோடையில். காட்டின் குறுக்கே ஒரு பட்டையை வெட்டி வெறும் மண்ணாக வைத்துவிட்டால், தீ வந்தாலும் அங்கே வந்து பட்டினி கிடந்து செத்துப்போகும். எல்லாக் காட்டிலும் செய்வதுதான். ஆனால் வெட்டுகிற ஒவ்வொரு மரமும் எங்களுக்கு நஷ்டம், விண்ணிலிருந்து எடுக்கிற படத்தில் பளிச்சென்று தெரியும். நான் முடியாது என்று சொல்லவில்லை. யாருக்கும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லை எனக்கு. "ஆய்வு முடியட்டும் மாப்பிள்ளை, அடுத்த கோடைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அடுத்த கோடைக்கும் அதையே சொன்னேன். வாக்குக் கொடுத்த வருடம் நெருங்கிவிட்டது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிக்கொண்டிருந்தன. ஒரு பட்டை மரம் போனாலும் தராசு சாய்ந்துவிடும் என்கிற நிலைமை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அலுவலகம் போய் வந்தேன்.

இன்னொரு விதியையும் நான் விளக்க வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. காடு தானாகத் தீப்பிடித்தால், இடி விழுந்தோ எப்படியோ, அதில் எரிந்துபோகிற கார்பனை நாம் ஒதுக்கிவைத்துவிடலாம். இயற்கைச் சீற்றம், நம் தலையில் ஏறாது. மனிதர்கள் வைத்த தீ என்றால் முழுவதும் நம் தலையில். இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எங்கள் நாட்டு விதிப் புத்தகத்தில் இதற்குக் கீழே இன்னும் ஒரு வரி உண்டு: எந்த நல்ல நோக்கத்துக்காக வைத்தாலும், மனிதக் கை ஒரு தடவை பட்டுவிட்டால் அந்தத் தீ முழுவதுமே மனிதத் தீ. இப்படி ஒரு வரியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. ஆய்வாளர்கள் எங்களைக் கறாரான ஆட்கள் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக நானே சேர்த்தேன். அவர்கள் அதைப் படித்துவிட்டுப் பாராட்டினார்கள். இயக்குநர் என் தோளைத் தட்டினார்.

அந்த வரியைக் காவலர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருந்தோம். ஒருவர் தன் வீட்டைச் சுற்றிக் காய்ந்த புல்லைக் கொளுத்தியதற்காக அவரை வேலையை விட்டே அனுப்பினோம். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் ஒருவர்கூட சிகரெட் பற்றவைக்கவில்லை. எங்கள் பிரிவின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு தீக்குச்சி உரசக்கூடாது. அனுமதி தரவேண்டியது நான்.

அன்றைக்கு மதியம் சாப்பாடு முடிந்து டீ வந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

"மச்சான், மேல் முகட்டுல இடி விழுந்து பத்திக்கிச்சு," என்றார் மாப்பிள்ளை. பதறவில்லை, வழக்கம்போலத்தான் பேசினார். "காத்து இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கு. இப்பவே கீழேயிருந்து நாங்க ஒரு எதிர்த்தீ வெச்சு மேல அனுப்பிட்டா, ரெண்டும் நடுவுல முட்டிக்கிட்டு நின்னுடும். குடியிருப்பு தப்பிச்சிடும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

எதிர்த்தீ என்றால் மனிதத் தீ. குடியிருப்பைச் சுற்றி ஒரு கைப்பிடிக் காட்டைக் கொளுத்துவதற்காக முகட்டுத் தீ முழுவதும் எங்கள் தலையில் வந்து விடியும். நான் எழுதிய வரி. டீயைக் கீழே வைத்தேன்.

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை. மேல கேட்டுச் சொல்றேன்."

"சரி மச்சான். காத்து திரும்பறதுக்குள்ள சொல்லிடுங்க."

இயக்குநர் இரண்டு கதவு தள்ளி இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, அவர் யாரோடோ சிரித்துப் பேசுவதுகூடக் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருந்தால் அவர் வைக்கச் சொல்லியிருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை. அத்தனை வருடத்து உழைப்பையும் ஒரு நல்ல மனிதரின் இரக்கத்தில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. டீயைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

மறுபடியும் போன் வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. தொட்டியின் கீழே யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"காத்து திரும்புது மச்சான். என்ன சொன்னாங்க? இதுக்கு மேல தாங்காது. ஒண்ணு தீய வெக்கச் சொல்லுங்க, இல்லன்னா நாங்க ஓடப் பக்கமா எறங்கிடறோம். எறங்கிப் போறதுன்னாலும் போற போக்குல நானே ஒரு கொள்ளிய வீசிட்டுத்தான் போவேன். வீடு, நாத்து எல்லாத்தயும் அப்படியே விட்டுட்டுப் போக மனசு கேக்கல."

அந்தக் கொள்ளிக்குத்தான் நான் பயந்தேன். அவருக்குத் தைரியமாக இரண்டு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்பதற்கு வருகிறேன். அவர் கொள்ளியை வீசவில்லை. ஓடைப் பக்கம் இறங்கவும் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுத் தொட்டியை விட்டு இறங்கினார். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

தீ அவ்வளவு வேகமாக இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே நினைக்கவில்லை. காற்று எங்கள் பிரிவில் வராது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை, இன்னும் மூன்று காவலர்கள், அவர்களில் இரண்டு பேருடைய மனைவிகள், நாற்றங்காலைப் பார்த்துக்கொண்ட ஒரு வயதான பெண். தங்கையை நான்தான் பிடித்துக்கொண்டேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், எனக்கும் அழுகை வந்தது. நடித்தேன் என்று நினைக்க வேண்டாம். அவர் போனதில் எனக்கு இருக்கிற துக்கம் யாருக்கும் குறைந்தது இல்லை.

தீ இயற்கைச் சீற்றம் என்று முடிவாயிற்று. இடிதானே, பொய் இல்லை. எரிந்ததையெல்லாம் ஒதுக்கிவைத்தோம். அந்த வருடக் கடைசியில் இரண்டு பக்கமும் சமமாயின. நாடு சொன்னதைச் செய்துவிட்டது என்று அறிவித்தார்கள். அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வீட்டில் நடந்தது தெரிந்ததால் என் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தட்டினார்கள். இனிப்புக் கொடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். தங்கை வீட்டில் இருக்கிறாளே என்று அதை அங்கேயே தின்று, வாய் கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரிந்த இடத்தில் இப்போது இளங்கன்றுகள் முளைத்துவிட்டன. வயதான மரங்களைவிட இளசுகள் வேகமாக உறிஞ்சும். எரிந்ததை ஒதுக்கிவைத்தாயிற்று, வளர்வது நமக்கு வரவு. இனி வரும் வருடங்களில் அந்தக் காடு முன்னைவிட நன்றாக உதவும். வெளியே சொன்னால் என் மேல் காறித் துப்புவார்கள், ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் தூங்குகிறேன்.

எங்கள் பிரிவில் விண்வெளிப் படங்களைப் பார்க்கிற பெண் ஒருத்தி உண்டு. கண் நல்ல கூர்மை. எரிந்த பரப்பை அளப்பதற்காக அன்றைக்கு எடுத்த படத்தைத் திறந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "சார், இங்க பாருங்களேன். தீ இன்னும் நாற்றங்காலுக்கு வரல. நடுவுல வெள்ளையா ஏதோ கட்டம் மாதிரி இருக்கு. முந்தின நாள் படத்துல இது இல்லயே."

"கன்றுக்குப் போத்தற துணிம்மா."

"கன்று மேல இல்ல சார். வெறுந்தரையில விரிச்சிருக்கு. மேல இருந்து யாராச்சும் பாக்கணும்னு விரிச்ச மாதிரி இருக்கு."

அவள்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்க்கச் சொல்லி வேலைக்கு வைத்தோம், பார்த்தாள்.

அவள் இல்லாவிட்டாலும் நான் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். தங்கைக்கு அந்தத் துணி மனதில் சிக்கிக்கொண்டுவிட்டது. உடல்களை எடுக்கப் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள், துணி எரிந்து சாம்பலாகியும் அதன் வடிவம் தரையில் சதுரமாக அப்படியே இருந்ததாம், எல்லோரும் அதன் ஓரத்தில் ஒன்றாகக் கிடந்தார்களாம். எனக்குத் தட்டு வைக்கும்போதெல்லாம் அதே பேச்சு. "ஓடத் தெரியாதவரா அண்ணா அவரு? யார எதிர்பாத்து அங்கயே நின்னாங்க?" எனக்குத் தெரியாது என்று சொல்வேன். ஒரு நாள் பரிமாறிக்கொண்டே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு உன்கூட ஒரு வார்த்தை பேசியிருந்தா தப்பிச்சிருப்பாரு. நீ சொன்னா மறுபேச்சு பேசமாட்டாரு." போன் சிக்னல் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் உடம்புக்கு என்ன என்று கேட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

களைப்பாக இருக்கிறது. உங்கள் கேள்விக்கு வந்துவிட்டோம்.

"ஹெலிகாப்டர் கிளம்பிடுச்சு மாப்பிள்ளை," என்றேன். அதுதான் நான் சொன்ன தைரிய வார்த்தை. எந்த ஹெலிகாப்டரும் கிளம்பவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை, அந்த அலுவலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் அந்த மதியம் தீ என்பதே தெரியாது. முன்கூட்டி யோசித்துச் சொன்னதும் இல்லை, வாயில் வந்துவிட்டது. அவர் தொட்டி மேலிருந்து கீழே குனிந்து மற்றவர்களுக்குக் கத்திச் சொன்னார். யாரோ ஒரு பெண் சிரித்தது கேட்டது. பயம் விட்டுப்போனால் வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு. அவர்களுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது என்றால் அது நான் கொடுத்ததுதான்.

"எங்க மச்சான் எறங்கும்?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். மரம் இல்லாத இடம் அங்கே நாற்றங்கால் ஒன்றுதான். எல்லோரையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் நிற்கச் சொன்னேன். ஒருவரும் விலகிப் போகவேண்டாம், தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்றேன். புகையில் மேலேயிருந்து தெரிய வேண்டும், அதனால் கன்றுகளுக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியைப் பிரித்துத் தரையில் விரிக்கச் சொன்னேன். காற்று பலமாக இருந்தது. நாலு மூலையிலும் கல் வைக்கச் சொன்னதும் நான்தான். இல்லாவிட்டால் துணி பறந்துவிடுமே.